எப்போது பறித்த காய்? கடலூரில் எதை எங்கே வாங்குவது

எங்கள் மாடி வீட்டுக்குப் போன மாதம் புதிதாகக் குடிவந்தார்கள். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சென்னையில் பத்து வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிக் கடலூர் வந்திருக்கிறார்கள். வந்த மறுநாளே அந்தப் பெண் படியிறங்கி வந்து, பால் யார் போடுகிறார்கள், குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தார். அடுத்து, "காய்கறி எங்கே வாங்குகிறீர்கள் அக்கா?" என்றார்.

முதல் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதற்கு அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். வீட்டில் ஐந்து பேர், அதில் மாமியாருக்குச் சர்க்கரை. எனவே காய்கறி எங்கள் வீட்டில் தொட்டுக்கொள்ளும் பொருளாக இல்லாமல் பாதிச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. உழவர் சந்தை, பான்பரி மார்க்கெட், வாசலுக்கு வரும் தள்ளுவண்டி, குளிரூட்டிய பெரிய கடை, காராமணிக்குப்பத்துத் திங்கட்கிழமைச் சந்தை என எல்லாவற்றிலும் பை நிறைய வாங்கியிருக்கிறேன். அவரிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னதை இன்னும் கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். "எந்த இடம் நல்ல இடம்?" என்று கேட்டால் சரியான பதில் வராது. காயைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறித்த சில மணி நேரத்திலேயே சுவையும் சத்தும் இறங்கத் தொடங்கும் காய்கள் உண்டு. சாக்குமூட்டையில் ஒரு மாதம் கிடந்தாலும் அப்படியே இருப்பவையும் உண்டு. கீரை, வெண்டை, கத்தரி, முருங்கை, புடலை, பீர்க்கு, கொத்தவரை, அவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு இவையெல்லாம் முதல் வகை. வெங்காயம், உருளை, பூண்டு, சேனை, முற்றிய பரங்கி, சாம்பல் பூசணி இரண்டாம் வகை. முதல் வகையை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுப் பழகிவிட்டேன்: "இது எப்போது பறித்தது?"

இதற்குத் தயங்காமல் பதில் வரும் இடம் உழவர் சந்தைதான்.

முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபில் 1987இலேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கு வந்த ஏற்பாடு இது. விளைவித்தவரே இடைத்தரகர் இல்லாமல் நேரே கொண்டுவந்து விற்க வேண்டும். அவர் உண்மையில் விவசாயிதானா, என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அதிகாரிகள் விசாரித்துப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள். கூடையும் மூட்டையும் ஏற்றிவர அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதையும் திட்டத்தோடு சேர்த்தே வைத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டின் அருமை, விடியற்காலைப் பேருந்தில் கீரைக்கட்டோடு நின்றுகொண்டு வந்த பெண்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

நுழைந்ததும் அன்றைய விலைப்பட்டியல் பலகையில் எழுதியிருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று மாடி வீட்டுப் பெண்ணிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். அந்த விலையை விற்பவர் தன் மனம்போல் வைப்பதில்லை. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியில் உள்ள சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி நிர்ணயிக்க வேண்டும் என்பது விதி. மண்டியில் கத்தரிக்காய் கிலோ 30 ரூபாய், வெளிக்கடையில் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் அது 36 ரூபாய்க்கு வரும். நமக்குக் கிலோவுக்கு 6 ரூபாய் மிச்சம். மண்டியில் போட்டிருந்தால் விவசாயிக்கு அந்த 30 ரூபாயிலும் கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி கழியும். இங்கே 36 ரூபாயும் அவர் கைக்கே போகிறது. நான் அங்கே போவதற்கு நம் பக்கத்து 6 ரூபாயைவிட அவர் பக்கத்து இந்த லாபம்தான் பெரிய காரணம்.

நம் பக்கத்து மிச்சத்தையும் கணக்குப் பார்த்துவிட வேண்டும். வாரத்துக்கு ஆறு கிலோ வாங்கினால் 36 ரூபாய் மிச்சமாகும். அதற்காக ஆட்டோ வைத்துப் போய்வந்தால் மிச்சம் போக நஷ்டமும் சேரும். நடந்தோ, சைக்கிளிலோ, ஸ்கூட்டரிலோ, வேறு வேலையோடு சேர்த்தோ போகிறவர்களுக்குத்தான் பணத்தில் லாபம் வரும். நான் காலை நடையை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். கெடிலத்துப் பாலத்தில் நடந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே போய், இரண்டு துணிப்பைகளை நிரப்பிக்கொண்டு, திரும்பும்போது மட்டும் ஷேர் ஆட்டோ. காய் சுமந்துகொண்டு நடந்து திரும்பலாம் என்று ஒரு காலத்தில் பிடிவாதம் பிடித்தேன், தோள் கேட்கவில்லை.

எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து கிடைப்பதே மாறிவிடும். ஆறு, ஆறரைக்குப் போனால் கீரைக்கட்டுகளில் பனி ஈரம் இருக்கும். எட்டரைக்குப் போனால் நல்ல முருங்கையும் பிஞ்சு வெண்டையும் போயிருக்கும். பத்து மணிக்குப் போகிறவர்களுக்கு விலை குறையும். மிஞ்சியதைத் திருப்பிச் சுமக்க விரும்பாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கே சமைத்துவிடுவதாக இருந்தால் அதுவும் நல்ல பேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் விவசாயியிடம் அடித்துப் பேசி இன்னும் ஐந்து ரூபாய் குறைப்பதை நான் விட்டுவிட்டேன். அவருக்கு ஊருக்குப் போகும் பேருந்து காத்திருக்கிறது என்பது தெரிந்தே பேசும் பேரம் அது.

எனக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஓர் அம்மா வெள்ளக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறார். கத்தரி, கொத்தவரை, வெண்டை, ஏதாவது இரண்டு கீரை, சில நாள் ஒரு படி சுண்டைக்காய், அவ்வளவுதான் அவர் கடை. ஒருமுறை எப்போது பறித்தது என்று கேட்டேன். "கத்தரி நேற்று வெயில் தாழ்ந்து பறித்தது. கீரை இன்று மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கியது" என்றார். வெண்டையைப் பொறுக்கப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "வேண்டாம்மா, இரண்டு நாள் ஆள் கிடைக்காமல் செடியிலேயே முற்றிவிட்டது. வியாழக்கிழமை வா, பிஞ்சாகக் கொண்டுவருகிறேன்." தன் கையில் இருக்கும் சரக்கையே வாங்காதே என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி யோசனைகூட வரவில்லை. வியாழக்கிழமை போனேன். சொன்னபடியே தனியாக எடுத்து வைத்திருந்தார்.

இதை எழுதும்போது எச்சரிக்கையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உழவர் சந்தை என்றாலே மருந்தடிக்காத காய் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் அங்கே கிடையாது. விளைவித்தவர் விற்கிறார் என்பது மட்டுமே உறுதி. கத்தரியிலும் வெண்டையிலும் காய்ப்புழு வரும். மருந்து அடிக்கத்தான் செய்வார்கள். மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு நாள் உண்டு. சந்தையில் உள்ள வசதி என்னவென்றால், எப்போது அடித்தீர்கள் என்று அடித்தவரையே கேட்கலாம். எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாரா வாரம் முகம் பார்த்து வாங்குகிறவரிடம் பொய் சொல்வது யாருக்கும் எளிதில்லை. ஒரு ஓரத்தில் இரண்டு புழு ஓட்டை இருக்கும் கத்தரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள் என்று மாடி வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நிம்மதியாகச் சமைக்கலாம்.

விவசாயி வரிசையில் வியாபாரி கலந்துவிடுவது எல்லா ஊர் உழவர் சந்தைகளைப் பற்றியும் நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. அட்டையைக் காட்டச் சொல்லி நாம் சண்டை போட வேண்டியதில்லை, சரக்கே சொல்லிவிடும். நம் மண் செம்மண்ணும் ஆற்று வண்டலும் கலந்த கடலோரச் சமவெளி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் நீலகிரி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கத்துச் சரக்கு. அவற்றை ஒருவர் பத்துப் பதினைந்து வகைக் காய்களோடு அடுக்கி வைத்திருந்தால் அவர் நிலத்தில் விளைந்ததாக இருக்காது. மலைக்காய் வேண்டுகிறவர்களுக்காகச் சந்தைகளில் அதற்கும் இடம் கொடுத்திருப்பார்கள், வாங்குவதில் தவறில்லை. எப்போது பறித்தது என்ற கேள்வியை மட்டும் அங்கே கேட்டுப் பயனில்லை. நாலைந்து வகை, அளவு கொஞ்சம், ஒரே செடியில் பறித்ததுபோல் இல்லாமல் பெரிதும் சிறிதுமாகக் கலந்த காய், வேரில் ஒட்டிய மண், பழைய புடவையை நனைத்து மூடிய கீரை. இப்படி இருந்தால் அங்கே உட்கார்ந்து பேசலாம்.

வாழையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் பக்கமெல்லாம் வாழைத்தோட்டம். கோடையில் சூறைக்காற்று அடித்தால் குலை தள்ளிய மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்துவிட்டன என்று செய்தி வரும் ஊர்கள் அவை. அந்தச் செய்தி வரும் ஆண்டில் வாழைக்காய் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வாங்கும்போது கை கொஞ்சம் கூசும். இருந்தாலும் வாங்குங்கள், நாம் வாங்காவிட்டால் அதுவும் அழுகிப் போகும். சென்னையில் தெர்மோகோல் தட்டில் வைத்து நறுக்கி விற்ற வாழைத்தண்டைத்தான் மாடி வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். முழுத் தண்டை வாங்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போடும் வேலை அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகிவிட்டது.

இனி பான்பரி மார்க்கெட். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள அந்த மார்க்கெட்டை உழவர் சந்தையின் எதிரி போலப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே விற்பவர் வியாபாரி. காய் எங்கிருந்தோ லாரியில் வந்தது. அதை அவரும் மறைப்பதில்லை. அவரிடம் போக வேண்டியது நாசிக் வெங்காயத்துக்கும், உருளைக்கும், பூண்டுக்கும், இஞ்சிக்கும், மலைக்காய்க்கும். ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கினால் விலை இறங்கும். எங்கள் தெருவில் மூன்று வீடு சேர்ந்து ஒரு சின்ன மூட்டை வெங்காயம் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். நாள் முழுக்கக் கடை இருப்பதால் அலுவலகம் முடிந்தும் போகலாம். விசேஷம் என்றால், முப்பது பேருக்குச் சமைப்பது என்றால், ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பதும் அங்கேதான்.

வியாபாரியின் அருமையை நான் கற்றுக்கொண்டது 2011இல். டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. முருங்கை, வாழை, கொடிக்காய்ப் பந்தல் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வைத்த காய்களில் பெரும்பாலானவை வெளியூர் லாரியில் வந்தவை. உள்ளூர்க்காரர்களிடம் விற்க ஒன்றும் இல்லாதபோது நம் வயிற்றை நிரப்பியது தூரத்து மண்ணும் அந்த லாரிகளும்தான். இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் வாரங்களில் கீரை அழுகிவிடும், முருங்கைப் பூ உதிர்ந்துவிடும். அந்த வாரங்களில் நான் வைராக்கியம் எதுவும் பார்ப்பதில்லை. முட்டைக்கோஸும் கேரட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். முருங்கைக்காய் தங்க விலை விற்கும் மார்கழியில் அதை விட்டுவிட்டு மொச்சைக்கும் அவரைக்கும் மாறிக்கொள்கிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

தக்காளி இரண்டு வகையிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. நாட்டுத் தக்காளி உழவர் சந்தையில் சில மாதம் நன்றாகக் கிடைக்கும். ரசத்துக்கு அதைப்போல் வராது. மற்ற மாதங்களில் கிருஷ்ணகிரியையும் ஆந்திரத்து மதனப்பள்ளியையும் நம்பித்தான் நாம் இருக்கிறோம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நான் எங்கே போய் வாங்கியும் தப்பிக்க முடியவில்லை. உழவர் சந்தை மலிவு என்ற நம்பிக்கை அந்த ஊரில் விளையும் காய்க்குத்தான் பொருந்தும். வெளியூர்க் காய்க்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கதை. அந்த மாதம் புளியைக் கொஞ்சம் கூட்டிக் கரைத்தோம்.

தள்ளுவண்டிக்காரரைப் பற்றிச் சிலர் விலை கூட என்று குறை சொல்வார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடத்தான். ஆனால் அவர் விடியற்காலை மார்க்கெட் போய்க் கொள்முதல் செய்து, வெயிலில் தள்ளிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து, கால் கிலோ கத்தரியும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் பல நாள் காசே வாங்குவதில்லை. நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், தனியாக இருப்பவர்கள் வீட்டில், அவரைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இரண்டு கிலோ வாங்கி ஒரு கிலோவை அழுகவிடுவதைவிடக் கால் கிலோவைக் கூடுதல் விலைக்கு வாங்குவது மலிவு. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் நான் நகர முடியாமல் இருந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டுச் சமையல் முழுக்க அந்த வண்டியால்தான் நடந்தது. அதை நான் மறக்க மாட்டேன். அதனால் இப்போதும் வாரத்தில் இரண்டு நாளாவது அவரிடம் வாங்குகிறேன். பறித்த நேரம் கேட்டால் "நேற்று வந்த சரக்கு" என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. அதை நேராகவே சொல்கிறார்.

குளிரூட்டிய பெரிய கடையும் கைபேசியில் ஆர்டர் செய்யும் சேவையும் மாடி வீட்டுப் பெண்ணுக்குச் சென்னையிலேயே பழக்கம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்பது எனக்குப் புரிகிறது. காளான், குடைமிளகாய், பிரெஞ்சு பீன்ஸ் போன்றவை அங்கே நன்றாக இருக்கும். எடையும் ரசீதும் தெளிவு. கீரையை மட்டும் அங்கே வாங்க வேண்டாம் என்று சொன்னேன். பெயர் எதற்கு, ஒரு கடையில் 'தோட்டத்திலிருந்து நேராக' என்று அச்சடித்த பையில் அரைக்கீரை வாங்கி வந்தேன். மேலே பச்சையாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் கொழகொழவென்று கறுத்திருந்தது. எப்போது பறித்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பில் போடுகிற பெண் பாவம், அவருக்கு அது எந்த ஊர்க் கீரை என்றே தெரியாது. கீரையில் உள்ள வைட்டமின் சி அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே பெருமளவு போய்விடுகிறது. சர்க்கரைக்காரருக்கும் வளரும் பிள்ளைக்கும் சத்துக்காகத்தான் கீரை போடுகிறோம் என்றால், அதிகாலையில் பிடுங்கிய கட்டை அன்று மதியமே கடைவதுதான் நியாயம்.

காராமணிக்குப்பத்துத் திங்கட்கிழமைச் சந்தைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாரா வாரம் போக முடியாது. ஆனாலும் ஒரு திங்கட்கிழமை விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போக வேண்டும். கடலூரை அடுத்த அந்தச் சந்தை கருவாட்டுக்குப் பேர்போனது. நெத்திலி, சென்னாக்குன்னி, வாளை, சுறா என்று குவியல் குவியலாக இருக்கும். காய் அங்கே கூறு கட்டி விற்பார்கள். தராசு இல்லாத வியாபாரம் என்று பயப்பட வேண்டாம். இரண்டு கூறைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணே எடை போட்டுவிடும். வீட்டில் கருவாடு சாப்பிடுகிறவர்கள் இருந்தால், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை போய்வந்தாலே போதும். காய் கிடைக்காத வாரங்களை ஒரு கருவாட்டுக் குழம்பும் பழைய சாம்பல் பூசணியும் தாங்கிவிடும்.

எங்கே வாங்கினாலும் கையால் சோதித்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. வெண்டையின் நுனியை ஒடிக்காதீர்கள், விற்பவருக்கு நஷ்டம். விரலால் லேசாக வளைத்தாலே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடும். கத்தரியின் காம்பு பச்சையாகவும் அதன் முள் கையில் குத்துவதாகவும் இருந்தால் புதிது. காம்பு சுருங்கிப் பழுப்பாகிவிட்டால் அதற்கு நாளாகிவிட்டது. புடலையும் பீர்க்கும் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்க வேண்டும். முருங்கையைத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. வாழைப்பூவின் வெளி மடல் வாடியிருந்தாலும் பரவாயில்லை. வெட்டிய காம்பில் பால் காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் பார்த்து வாங்குவதும் ஒரு கலை. அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காய், பரங்கி, அவரை எல்லாம் ஏறிவிடும். அகத்திக்கீரை கிடைப்பதே அரிது. இரண்டு நாள் முன்பே வாழைக்காயும் பரங்கியும் வாங்கி வைத்துவிடலாம், அவை தாங்கும். அகத்தி தாங்காது, அதை நம் வழக்கக்காரரிடம் சொல்லி வைத்துவிட வேண்டும். புரட்டாசி முழுக்க எல்லாக் காய்க்கும் கிராக்கி. முகூர்த்த நாளில் வாழை இலை கேட்டுப் போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் பலாச்சுளைக்கு ஆசைப்பட்டால் கடலூரில் தேடுவதைவிடப் பண்ருட்டிச் சாலையோரக் கடைகளில் இறங்கி, ஒரு சுளை தின்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பணத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாடி வீட்டுக் குடும்பத்துக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு உழவர் சந்தை. அதுதான் அவர்களால் முடிகிற ஒரே நாள். அன்றைக்கு ஒரு கீரை, திங்களுக்கும் செவ்வாய்க்கும் வெண்டை, கத்தரி, புடலை, அதற்குப் பிறகு வரும் நாட்களுக்குக் கொத்தவரையும் வாழைக்காயும் சௌசௌவும். வாடுகிற வரிசையில் சமைத்தால் எதுவும் குப்பைக்குப் போகாது. மாதத்துக்கு ஒருமுறை பான்பரி மார்க்கெட்டில் வெங்காயம், உருளை, பூண்டு. மூட்டை பிரிப்பதில் எங்களோடு நான்காவது வீடாகச் சேர்ந்துகொள்ளலாம். வாரத்தின் நடுவில் குறைவதைத் தள்ளுவண்டியில் வாங்கிக்கொள்ளட்டும். காலையில் அவர்கள் கிளம்பியபிறகுதான் வண்டி வரும் என்பதால் எங்கள் வீட்டில் பணம் கொடுத்து வைத்தால் என் மாமியாரே பார்த்து வாங்கிவிடுவார். அவருக்கும் அதில் ஒரு மகிழ்ச்சி. பெரிய கடை அவசரத்துக்கு இருக்கட்டும்.

இதே என் தம்பி கேட்டிருந்தால் வேறு ஏற்பாடு சொல்லியிருப்பேன். அவன் பணி ஓய்வு பெற்றவன், வீட்டில் இரண்டே பேர், விடியற்காலையில் எப்படியும் விழித்துவிடுவான். அவன் வாரத்துக்கு மூன்று நாள் சந்தைக்குப் போகலாம்; குளிர்சாதனப் பெட்டியின் காய்த் தட்டையே மறந்துவிடலாம். ஊருக்கு வெளியே, நடந்து போகும் தூரத்துக்கு அப்பால் இருப்பவர்கள் பேருந்துச் செலவைக் கணக்கிட்டு, வேறு வேலையோடு வரும் நாளில் மட்டும் சந்தைக்கு வந்தால் போதும்.

போன ஞாயிறு அந்தப் பெண்ணை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்த பிள்ளையும் தூக்கக் கண்ணோடு வந்தது. துணிப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். விலைப்பலகையை அவர் நின்று படித்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. வெள்ளக்கரை அம்மா இருந்தார். பிள்ளையே முந்திக்கொண்டு, "பாட்டி, இது எப்போது பறித்தது?" என்று கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு கொத்தவரையை எடுத்து அவன் கையில் கொடுத்து ஒடித்துப் பார்க்கச் சொன்னார். பிறகு சில்லறை எண்ணியபடியே என்னிடம், அடுத்த வாரம் ஐந்து நாளும் நடவு வேலை இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றும், கீரை வேண்டுமானால் தன் நாத்தனார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார், அவரிடம் தன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார்.